தாமசம் உண்டு

சாலை உருளையோடு இணைத்த பெட்டி வண்டி, உருளையை ஓட்டும் டிரைவரும் அவருடைய பயர்மேனும் வேலையிடத்தில் இளைப்பாறுவதற்கு மட்டுமே உரியது. டிரைவரின் குடும்பத்தைச் சேர்ந்த எவரும் அதில் தங்கக் கூடாது. தவிர்க்க முடியாத சந்தர்ப்பத்தில், எக்சிக்யூட்டிவ் எஞ்சினியரின் முன்சம்மதத்தை எழுத்து மூலம் பெற்ற பிறகே தங்கலாம். அன்றைய மராமத்து இலாகாவின் விதி இது. விதியின் எண்ணையும் சொல்லலாம். உருளை போய், பெட்டி வண்டி போய், அந்த ராஜ்யமே போன பிறகு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது.

என்னோடு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். யாராவது கண்ணீரோடு வந்து ஒரு கதை சொன்னால், அதற்குரிய விதிதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். கணக்கு ஆபீசில் ஆயுளைக் கழித்த பலன். இன்று சொல்லப்போவது என் கதை. பாரபட்சம் காட்டக் கூடாது என்பதால் அதற்கும் விதியை முதலில் வைத்துவிட்டேன். நீங்கள் உங்கள் பிள்ளைப் பிராயத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது கிணற்றில் ஆரம்பிப்பீர்கள், அல்லது மாமரத்தில். நான் சொல்கிற வீட்டுக்கு இரும்புச் சக்கரங்கள் இருந்தன. ஒரு ரோடு போடும் பருவம் முழுவதும், கார்த்திகையிலிருந்து, வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை வரை, நான் அதில் குடியிருந்தேன். அம்மா செத்த வருஷம் அது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பஞ்சாலையில் பாய்லர் வேலை பழகி, திருவனந்தபுரத்துக்கு வந்து மராமத்தில் ரோலர் டிரைவர் ஆனவர். அம்மா நாகர்கோவிலுக்குத் தெற்கே. கரமனையில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் நானும் அம்மாவும் இருப்போம். அப்பா ரோட்டில் இருப்பார். ரோலர் எந்த ஊரில் நிற்கிறதோ அதுதான் அந்த மாதம் அப்பாவின் ஊர். வீட்டுக்கு வரும்போது அவருக்கு முன்னால் வாசனை வந்துவிடும்: விறகுப் புகை, சுட்ட எண்ணெய், நனைந்த செம்மண். அம்மா அவருடைய சட்டையைத் தனியாகத்தான் வெளுப்பாள்.

1952 ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பகலில் வெயிலும் சாயங்காலம் இடியுமாக இருந்த நாட்கள். அப்பாவின் அக்கா, ஆரியசாலையில் வத்தல் மண்டி வைத்திருந்தவரின் மனைவி, வந்து கூட இருந்தாள். அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. ஒருத்தி வைத்த குழம்பில் மற்றவள் உப்புப் பார்க்க மாட்டாள். அப்படிப்பட்ட அத்தை வந்து உட்கார்ந்ததும் காய்ச்சல் சாதாரணமில்லை என்று எனக்கே தெரிந்தது. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். கேட்காமல் ஒரு பெரியவர் தின்பண்டம் வாங்கிக் கொடுத்தால் யாருக்கு உடம்புக்கு என்ன என்று இன்றைக்கும் விசாரிப்பேன்.

அப்பா அப்போது வெஞ்ஞாறமூட்டுக்குப் பக்கத்தில் எம்.சி. ரோட்டில் வேலையாக இருந்தார். காலையில் அம்மா போனதும் ஆள் அனுப்பினார்கள். ஆள் போய்ச் சேர்ந்தான். அப்பா வரவில்லை. மழைக்காலம், பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அத்தையின் புருஷன் நெருப்பு வைத்தார். எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, ஈரத் தரையில் ஒரு விளக்கை வைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்த ராத்திரியில் அப்பா வந்து வாசலில் நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவர் மட்டும், "தாமசமாயிப் போச்சே, தம்பி" என்றார்.

அப்பா அழவில்லை. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர், வெகுநேரம் கையை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். கரி போகவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் என்னைப் பற்றிய பேச்சு வந்தது. அத்தை ஆரியசாலை வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரித் தட்டையே ஒழித்து வைத்துவிட்டாள். அப்பா, "பாப்போம்க்கா" என்றார். வாடகை வீட்டைக் காலி செய்யத் தொடங்கியபோதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"புள்ள எங்கூட வரட்டும்."

"எங்கலே? ரோட்டுக்கா?"

"பெட்டி வண்டி இருக்குல்லா."

"ஏலே, உருளைக்குப் பின்னால போற குடும்பம் எங்கயாது உண்டுமா? கழைக்கூத்தாடியா நீ? செத்தவளுக்கு ஒரு வருசம் அந்தியில விளக்கு வைக்கணும். ஒரே எடத்துல, தெக்க பாத்து. அவ தேடிட்டு வந்தா எங்க வருவா, வெஞ்ஞாறமூட்டுக்கா, கிளிமானூருக்கா?"

அப்பா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் அம்மா அரைத்த அம்மியும் இருந்தது. தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பெட்டி வண்டியில் அனுமதிக்கப்பட்ட சுமைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி. டன் கணக்கில் எடையுள்ள இயந்திரம், மலையை நொறுக்கிப் போட்ட கல்லையெல்லாம் மண்ணோடு மண்ணாக அமுக்கும் இயந்திரம், ஒரு அம்மியைச் சுமக்கக் கூடாது. அதைச் சுவரோரமாக விட்டுவிட்டு வந்தோம். நடுவில் குழிந்து, ஒரு பக்கம் அம்மாவின் கைப்போக்குக்குச் சற்று அதிகமாகத் தேய்ந்திருந்த அம்மி. அடுத்து குடிவந்தவர்கள் அதில் அரைத்திருப்பார்கள். அரைத்தது யாருடைய ருசியில் வந்ததோ.

விதி தெரிந்த மனிதர் என்பதால் அப்பா மனுவும் எழுதினார். அவருக்குத் தமிழ்தான் எழுத வரும். பொருள்: பெட்டி வண்டியில் மகளைத் தங்கவைத்துக்கொள்வது. பிறகு, மனைவி காலமாகிவிட்டாள் என்று ஒரு வரி. அடுத்து, "மகளை ஆரியசாலையில் என் சகோதரி வீட்டில் சேர்ப்பதற்குத் தாமசம் உண்டு. தக்க உத்தரவாக வேண்டும்." அவ்வளவுதான். உண்மையில் எந்தத் தாமசமும் இல்லை. அலமாரித் தட்டு தயாராக இருந்தது. எனக்கு விட மனசில்லை என்று ஒரு எக்சிக்யூட்டிவ் எஞ்சினியருக்கு எப்படி எழுதுவது. ஆகவே தாமசம் என்று எழுதினார். நம் ஆபீசுகளிலும் மாட்டேன் என்பதற்கு அதுதானே மரியாதையான சொல்.

பதில் வருவதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது. முன்சம்மதம் என்பதில் முன் என்ற பகுதியை அப்பா தன் வாழ்க்கையில் மீறியது அந்த ஒரு தடவைதான்.

ரோலருக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் உங்களில் யாரும் இருக்க வாய்ப்பில்லை, ஆகையால் சொல்கிறேன். வீடு நகர்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் போதும் போதும் என்று தோன்றும்வரை அது ஜன்னலில் நிற்கும். கோழிகள் எங்களை முந்திக்கொண்டு போகும். பின்னால் வரும் பஸ்காரன் ஹார்ன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து பீடிக்கு நெருப்புக் கேட்பான். ஆனால் உள்ளே எல்லாம் ஆடும். கொக்கியில் தொங்கும் செம்பு, கயிற்றில் கிடக்கும் துணி, தட்டில் ஊற்றிய கஞ்சி. இரவு வண்டி நின்ற பிறகும் என் உடம்புக்குள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும்.

பாய்லருக்கு விறகு போடும் பயர்மேன் நெடுமங்காட்டுப் பக்கத்து மலையாளி. கறுத்து, ஒல்லியாக, புருவம் இரண்டும் பாய்லர் சூட்டில் பொசுங்கிய மனிதர். சமையலும் அவர்தான். அம்மி இல்லாத வீட்டில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ரோட்டுக்குக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல்லில் தட்டையாக ஒன்றைத் தேடிக் கழுவி, அதன் மேல் காந்தாரி மிளகாயும் உப்பும் சின்ன உள்ளியும் வைத்து இன்னொரு கல்லால் நசுக்குவார். தேங்காயெண்ணெய் விட்டு, அவித்த மரச்சீனிக் கிழங்கோடு கொடுப்பார். வேலை முடிந்ததும் அந்தக் கல்லைத் திரும்பக் குவியலில் போட்டுவிடுவார்.

"சர்க்கார் கல்லாணு மோளே. நமுக்கு வேண்டா. நாளைக்கு நின்றெ அச்சன் அதை ரோடாக்கும்."

நான் மிளகாய் நாற்றத்தோடு ரோட்டுக்குள் போன அந்தக் கற்களை நினைத்துக்கொண்டு தூங்குவேன்.

அந்தியில் விளக்கு வைத்தோம். அத்தை சொன்ன ஒரே இடம் மட்டும்தான் வாய்க்கவில்லை. ரோடு வளைகிறபடி வண்டியும் திரும்பி நிற்கும். நேற்றைய தெற்கு இன்றைக்கு வேறு பக்கம் இருக்கும். தெற்கைக் கண்டுபிடித்துத் தருவது பயர்மேனின் பொறுப்பு. "தெக்கு எப்பவும் நாகர்கோவில் சைடு தன்னே" என்று சொல்லிவிட்டு, சூரியனைப் பார்த்து, சில நாள் கோயில் வாசலைப் பார்த்து, கையை நீட்டுவார். அந்தப் பக்கத்து மூலையில் விளக்கை வைப்பேன். வண்டிக்குள் அம்மாவின் பொருள் என்று இருந்தது அவளுடைய குடை மட்டும்தான். மூங்கில் பிடியில் பல் பதிந்த தடம் உண்டு. இரண்டு கையிலும் சாமான் இருந்தால் குடையை வாயில் கவ்விக்கொள்வது அவள் வழக்கம். வட்டப்பாறைக்கும் வெம்பாயத்துக்கும் நடுவில் எங்கேயோ அது கொக்கியிலிருந்து விழுந்துவிட்டது. நாங்கள் போகிற வேகத்துக்கு, விழுந்ததைப் பார்த்திருந்தால் நடந்துபோயே எடுத்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

குடை போன அன்றைக்குத்தான் அப்பாவிடம் கேட்டேன்.

"அம்மைக்கு நாம இங்க இருக்கது தெரியுமா?"

அவர் சக்கரத்தில் ஒட்டிய செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"கரமனையிலேருந்து வரதுக்குள்ள எத்தன குழி, எத்தன மேடு. நாம வந்த பாதை மட்டும்தான் புதுசா நெரவிக் கெடக்கு. அதப் பாத்து நடந்தா வந்துட மாட்டாளா."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்று இப்போதுதான் தோன்றுகிறது.

மாசி மாதத்தில் அத்தை பஸ்ஸில் வெம்பாயத்துக்கு வந்து இறங்கினாள். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் சீப்பு. வந்ததும் என்னை இழுத்துக் கல்லில் உட்காரவைத்துத் தலையைப் பிரித்தாள். சீப்பில் பேனும் கரியும் சேர்ந்து வந்தன.

"பொம்பளப் புள்ள தலையா இது? அடுப்பங்கரி மூட்டையா?"

"குளிக்கேன் அத்தை."

"எங்க குளிக்க?"

"பாய்லருக்குத் தண்ணி எடுக்க குளத்துல."

"கேட்டியாலே. எஞ்சினும் எம்மருமவளும் ஒரே குளத்துல." அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். பயர்மேன் சிரித்தார். அத்தை திரும்பியதும் விறகு பிளக்கப் போய்விட்டார்.

தூக்குவாளியில் புளிக்குழம்பு இருந்தது. அம்மியில் அரைத்த குழம்பு. நான் சாப்பிட்டேன், அப்பா சாப்பிடவில்லை. கிளம்பும்போது அத்தையின் குரல் மாறியது.

"தம்பி, பங்குனி பொறக்கதுக்குள்ள புள்ளையக் கொண்டு வந்து விடு. இல்லன்னா நானே மராமத்து ஆபீசுக்குப் போயி சொல்லுதேன். ஒனக்கு வேல போனாலும் போவட்டும்."

அப்பா, "சரிக்கா" என்றார். எந்தப் பாதிக்குச் சரி என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து, ஆபீசிலிருந்து ஆள் வருகிறது என்று, சைக்கிள் மணி கேட்டாலே நான் வண்டிக்குக் கீழே போய் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், அலமாரித் தட்டு வேண்டாம், பேனில்லாத தலை வேண்டாம். ஒருத்தரைக் காணாமல் போகவிட்டாயிற்று. இன்னொருவரை என் கண்ணிலிருந்து விடமாட்டேன் என்பதுதான் எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே கொள்கை.

பங்குனியில் ஓவர்சியர் வந்தார். சைக்கிளில்தான். முழங்கால் வரை காலுறையும், தோல் பையும், மூக்குக்கண்ணாடியுமாக. நான் ஒளிந்துகொள்ள நேரமில்லை. கையில் மரச்சீனித் தட்டோடு வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"எடோ டிரைவரே, ஈ குட்டி ஆரு?"

அப்பா ரோலரிலிருந்து இறங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பயர்மேன், தன் சகோதரியின் மகள் என்று முந்திக்கொண்டார்.

"அது என்றெ பெங்ஙள்டெ மோளாணு ஏமானே."

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். "சாப்பிட்டியா குட்டி?" என்று தமிழில் கேட்டார்.

"சாப்பிட்டுட்டே இருக்கேன் சாரே."

"கேட்டியா. நின்றெ பெங்ஙள் எப்பளாடா தமிழத்தி ஆனது?"

பயர்மேன் தலையைச் சொறிந்தார். அப்பா முன்னால் வந்து நின்றார்.

"என் மவதான் ஏமானே. மனு குடுத்திருக்கேன். உத்தரவு வரல்ல."

"உத்தரவு எதுக்கு வரணும்?" ஓவர்சியர் தோல்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "நீர் எழுதின மனுவை ஆபீசிலே இங்கிலீஷாக்கி, கீழே குறிப்பு எழுதி, எனக்குக் காப்பி அனுப்பியிருக்கு. மகளுக்கு ஆரியசாலையிலே சகோதரி வீட்டிலே ரெசிடென்ஸ் உண்டு. ஆகையால் பெட்டி வண்டியிலே தங்குகிற விஷயம் எழவில்லை. அதான் ஞான் கேட்டது, ஈ குட்டி ஆரு?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "ரெசிடென்ஸ்னு நான் எழுதல்லயே."

"தாமசம் உண்டுன்னு எழுதியில்லே?"

"எழுதினேன். தாமசம் உண்டு. லேட்டாகும்னு எழுதினேன்."

ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு மலையாளம். மலையாளத்தில் தாமசம் என்றால் தாமதமும்தான், குடியிருப்பும்தான். நின்றெ தாமசம் எவிடெ என்று யார் கேட்டாலும் வீடு எங்கே என்று அர்த்தம். அப்பாவுக்கும் காதால் கேட்டால் அது தெரியும். கையால் எழுதும்போது திருநெல்வேலித் தமிழ்தான் வந்தது. எழுதியது தமிழ், படித்தது மலையாளம், பெயர்த்தது இங்கிலீஷ். மூன்று மொழியும் சேர்ந்து என்னை அத்தை வீட்டில் குடிவைத்துவிட்டன.

"திருத்தி எழுதித் தாரேன் ஏமானே" என்றார் அப்பா.

"மிண்டாதிரி." பேசாமல் இரு என்பதை அவர் அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "திருத்தினால் ஞான் ரிப்போர்ட் எழுதணும். எழுதினால் இந்தக் குட்டி நாளைக்கே வண்டியைவிட்டு இறங்கணும். வேணுமா?"

அப்பா நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், உண்மை சொல்லவும் வழியில்லாமல் காலடியில் இருந்த ஜல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோலரிலிருந்து நீராவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது. ஓவர்சியர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குட்டி, நின்றெ தாமசம் எவிடெ?"

"ஆரியசாலை" என்றேன்.

அரசாங்கத்துக்கு நான் கொடுத்த முதல் தகவல் அது. பின்னால் என் சர்வீசில் கொடுத்த எந்தத் தகவலும் அவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

"சரி" என்று அவர் காகிதத்தைப் பைக்குள் வைத்தார். "கண்ணு சிலப்போ சதிக்கும். பைல் சதிக்காது." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, போகிற போக்கில் பயர்மேனிடம், "நின்றெ பெங்ஙளை விசாரிச்சதாகச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு அந்தியில் விளக்கை வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தைதான் சொல்லிக் கொடுத்தாள் என்றேன். இல்லை, இது வழக்கமான மேற்பார்வை என்றார். பிறகு நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சேதி வந்தப்போ ஸ்டீம் முழுசா ஏறி நிக்கி. நெருப்பை எறக்காம டிரைவர் பாய்லரை விட்டுப் போகக் கூடாது. வெடிச்சா ஊரே போயிரும். அத எறக்கி, சாம்பல வாரி, தண்ணி மட்டம் பாத்து, எல்லாம் ஒழுங்கா முடிச்சிட்டு ரோட்டுக்கு வந்தேன். கடைசி பஸ் போயிருச்சு. நடந்தேன்."

விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, "ஒழுங்காத்தான் முடிச்சேன் மக்கா" என்றார்.

அவர் அங்கே நெருப்பை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே வேறொருவர் நெருப்பு வைத்திருக்கிறார். அப்பா அழுதார். சத்தமில்லை. ரோலர் ஓடாமல் நிற்கும்போது கூடத் தோள் அப்படி ஆடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பயர்மேன் தூரத்தில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து, வேறு எதையோ தேடும்போது, பாய்லர் விதிகள் அடங்கிய பழைய புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அப்பா சொன்ன விதி அதில் இருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், அவசர சந்தர்ப்பத்தில் பழக்கமுள்ள உதவியாளரிடம் பாய்லரை ஒப்படைத்துவிட்டு டிரைவர் செல்லலாம் என்றும் இருந்தது. எங்கள் பயர்மேன் அப்பாவைவிட அதிக காலம் பாய்லரோடு இருந்தவர். பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு மேல்விதிதான் தெரியும், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

இடவப்பாதி மழை வந்தது. மழையில் ரோடு போட முடியாது. ரோலர் யார்டுக்குத் திரும்பியது, பெட்டி வண்டியின் கூரையைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடமும் திறந்தது. அப்பா என்னை ஆரியசாலையில் கொண்டு விட்டார். பைலில் இருந்த சிறுமி அந்த வீட்டில் எனக்கு முன்பே குடியேறிவிட்டவள்; கார்த்திகையிலிருந்து அவள் அங்கே இருந்தாள். அலமாரித் தட்டை நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம்.

அந்த வீட்டில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஆபீசில் போய்ச் சொல்வேன் என்று மிரட்டிய அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. அவள் போனது கரமனைக்கு. எங்கள் பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, வாசல்படி ஓரத்தில், தெற்குப் பார்த்து, அந்தியில் விளக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மழையென்றால் முறத்தைக் கவிழ்த்து மறைத்திருக்கிறாள். அம்மா வைத்த குழம்பில் உப்புப் பார்க்காத அதே அத்தை. நாங்கள் எல்லாரும் அவளுக்கு அடுக்களைக்கு ஒரு கை வேண்டும், அதனால்தான் என்னைக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

அடுத்த கார்த்திகையில் ரோலர் கிளம்பியபோது நான் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. எனக்குப் படிப்பில் ஆசை வந்துவிட்டது, கூப்பிட்டால் கெடுத்ததாகும் என்று அப்பா நினைத்தாராம். அவர் கூப்பிடாததால், நான் சுமையாக இருந்தேன் போலும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் யார்டு வாசலில் நின்று, புதிய கூரை நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

ஆனால் அவரால் அந்த ஒரு பருவத்தை அப்படியே விட முடியவில்லை. ஓவர்சியர் சொன்னதைக் கேட்காமல் இரண்டாவது மனு எழுதினார். முன் மனுவில் தாமசம் என்றது காலதாமதம் என்ற பொருளில்தான். மகள் அந்தக் காலம் முழுவதும் தன்னோடுதான் இருந்தாள். சம்மதம் இல்லாமல் வைத்துக்கொண்டதைப் பொறுத்து இப்போதாவது சம்மதம் தர வேண்டும் என்று. வேலைக்கு ஆபத்து என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பதிலும் வரவில்லை. லீவில் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் கேட்பது, "ஆபீசுலேருந்து ஏதாவது வந்துச்சா?"

"ஆமா, திவான் உத்தியோகத்துக்குல்லா எழுதிப் போட்டிருக்க" என்பாள் அத்தை. "கை கழுவிட்டு வா, சோறு ஆறுது."

அவருக்கு வேண்டியிருந்தது மிகச் சின்ன விஷயம். மனைவி செத்த வருஷம் தன் மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டது தப்பில்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும். விதிப்படி நடந்து ஒன்றை இழந்தவர், விதியை மீறி வைத்துக்கொண்டதற்காவது ஒரு கையெழுத்து கேட்டார்.

ராஜ்யம் பிரியும் காலம் வந்தது. தெற்குத் தாலுக்காக்கள் மெட்ராஸோடு சேர்வதாக முடிவாயிற்று. அப்பாவின் ரோலர் அப்போது குழித்துறையில் நின்றது. ரோலர் எந்தப் பக்கமோ டிரைவரும் அந்தப் பக்கம். சொல்லிவிட்டுப் போக ஆரியசாலைக்கு வந்திருந்தார். பிரிவதற்கு முன் ஆபீசுகளில் பழைய பைல்களையெல்லாம் முடித்துத் தள்ளினார்கள் என்று நினைக்கிறேன். அவர் சோற்றில் கை வைத்திருந்தபோது தபால்காரர் கூப்பிட்டார். கவர் அவர் பெயருக்கு, ஆரியசாலை விலாசத்துக்கு.

நான் அப்போது இங்கிலீஷ் படிக்கிற வகுப்புக்கு வந்துவிட்டேன். கவரைக் கிழித்தேன். மூன்றே வரி. மனுதாரரின் மகள் ஆரியசாலையில் சகோதரி வீட்டில் குடியிருப்பது ஏற்கெனவே பதிவாகியுள்ளது. ஆகவே சம்மதம் கோரும் விஷயம் எழவில்லை. இது குறித்து மேற்கொண்டு மனுக்கள் ஏற்கப்பட மாட்டா. இரண்டாவது மனுவை யாரும் மொழிபெயர்க்கவே இல்லை. முதல் மனுவின் முதுகில் வைத்துத் தைத்திருப்பார்கள். வருஷக்கணக்காக நானும் அதைத்தான் செய்தேன், ஆகையால் குறை சொல்லவில்லை.

அப்பா எச்சில் கையைத் தட்டின் மேல் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கான்?"

"சம்மதம்னு எழுதியிருக்கு."

"நீ எங்கூட இருந்ததுக்கா?"

"ஆமா. வண்டியில உங்ககூட இருந்ததுக்கு."

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அப்பாவின் தட்டில் மோரை ஊற்றினாள்.

அவர் விதி தெரிந்தவர். அவ்வளவு சுலபமாக விடுவாரா. "எந்தத் தேதியிலேருந்து?" என்றார்.

"நீங்க மொத மனு குடுத்த தேதியிலேருந்து."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, மோரைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். முன்தேதியிட்டுச் சம்மதம் கொடுக்க எந்த எக்சிக்யூட்டிவ் எஞ்சினியருக்கும் அதிகாரம் கிடையாது. எனக்கு அது தெரியாத வயது. அன்றைக்கு 1956 நவம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை; அந்த ராஜ்யம் இல்லாத முதல் நாள்.